மாதாவுக்கு ஒரு தோள்

இத்தாலியக் கடலோரப் பகுதியான கால்சாவில் எங்கள் கோவில் மாதா சுரூபம் பெண்களின் காசில் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொலரா பரவியபோது அந்தப் பகுதிப் பெண்கள் ஒரு சபையாகக் கூடி, வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பராமரித்தார்கள். நோய் ஓய்ந்ததும் நன்றியாகச் சுரூபத்தைச் செய்வித்தார்கள். ஆனால் பவனியில் அதைத் தோளில் சுமந்தவர்கள் ஆண்கள். பெண்கள் மெழுகுதிரியோடு பின்னால் நடந்தார்கள். இந்த வருடம் வரை அப்படித்தான்.

அந்தச் சபையில் இப்போது பாதிப்பேர் தமிழ்ப் பெண்கள். மன்னாரிலிருந்து வந்த எமிலியானாவுக்கு ஒருமுறையாவது மாதாவைச் சுமக்க ஆசை. நடக்க முடியாத ஒரு வயதான சிஞ்ஞோரா அம்மாவைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தூக்கி வைப்பது அவளது அன்றாட வேலை. மாதா அவரை விடப் பாரமா என்று கேட்டாள். சுமப்போரின் தலைவர் டொன் நீனோ, வழக்கம் இல்லை என்றார். சுமப்போரில் ஒருவனான அவள் கணவன் பேனாட்டும் அவர் பக்கமே நின்றான்.

“பெண்டுகள் திரி பிடிச்சால் காணும்” என்றான்.

அந்தக் கிழமை அவனுக்கு வீட்டில் சோறு நேரத்துக்குக் கிடைத்தது. பேச்சுத்தான் கிடைக்கவில்லை.

பவனி அன்று பேனாட்டின் இடது கால் இழுபடுவதைப் பின்னால் வந்த எமிலியானா கண்டாள். வேலையிடத்தில் அலுமாரி நகர்த்தி இடுப்புப் பிடித்துக்கொண்டதை அவன் யாரிடமும் சொல்லவில்லை; அவளுக்கு அந்த நடையே சொல்லிவிட்டது. ஒரு நோயாளியின் வீட்டு வாசலில் சுரூபத்தை இறக்கித் தாங்கிகளில் வைத்தபோது, அவள் அவன் அருகே போனாள்.

“இஞ்சாருங்கோ, எனக்கு ஆசையாக் கிடக்கு. இந்தத் திரியைக் கொஞ்சம் பிடியுங்கோ” என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படியாக.

டொன் நீனோ பேனாட்டின் வெளிறிய முகத்தைப் பார்த்தார். பிறகு கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். எமிலியானா உயரம் குறைவு என்பதால், தோழி கிளறா தன் முக்காட்டை மடித்து அவள் தோளில் வைத்தாள். மணி அடித்தது. மாதா எழுந்தாள்.

பின்னால், கடற்காற்றில் பேனாட்டின் திரி அணைந்து அணைந்து போனது. மெழுகு கையில் வடிந்தது. பெண்கள் சிரித்தபடி ஒவ்வொரு முறையும் தங்கள் திரியால் அதை ஏற்றிக் கொடுத்தார்கள்.

“மற்றக் கையால மறையுங்கோ பேனாட் அண்ணை. இதுவும் வேலைதான்” என்றாள் கிளறா.

பவனி முடிந்ததும் சுமந்தவர்களுக்குச் ஊருக்கு வெளியே உள்ள சியாகுல்லித் தோட்டத்து மந்தரீன் ஆரஞ்சுப் பழம் கொடுப்பது வழக்கம். டொன் நீனோ எமிலியானாவின் கையிலும் ஒன்றை வைத்தார். அவளது உயரத்தில் இன்னும் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள் என்று கேட்டார். அடுத்த வருடம் சுமக்கும் தண்டுகளில் ஒன்றின் கீழ் நிற்பவர்கள் எல்லோரும் ஒரே உயரமாக இருந்தால் நல்லதாம்.

பேனாட் கை நீட்டினான்.

“தூக்கினவைக்குத்தான்” என்றாள் எமிலியானா.

பிறகு பழத்தை உரித்து, பெரிய பாதியை மெழுகு படிந்த அந்தக் கையில் வைத்தாள். அவனது இடுப்பைப் பற்றி அவள் யாரிடமும் சொல்லவில்லை. மாதா அந்த இரகசியத்தையும் அவள் தூக்கிய ஒரு சுமையாகக் கணக்கில் வைத்திருப்பாள்.