ரெண்டடித் தொட்டியில் நாலு

ஜெபதுரைக்கு வாய் கொஞ்சம் நீளம். கொடைக்கானலில் வளர்ப்பு மீன்கடை நடத்துகிறவனுக்கு அது இல்லாமல் முடியாது என்பது அவர் கட்சி. பள்ளங்கியிலிருந்து சண்முகவள்ளி டீச்சர் வந்து ஆக்ஸலாட்டல் கேட்ட அன்றும் அந்த வாய்தான் முந்திக்கொண்டது.

"ஒண்ணு போதும் சார்," என்றுதான் டீச்சர் சொன்னார். தண்ணீருக்குள்ளேயே நாலு காலில் நடந்துகொண்டு, கழுத்தோரம் செவுள்களைச் சிலிர்த்துக்கொண்டு, எந்நேரமும் சிரித்த முகமாக இருக்கிற பிராணி அது. கடையில் விரல் நீளக் குட்டிகள் நாலு மிஞ்சிக் கிடந்தன.

"நாலையும் கொண்டு போங்க டீச்சர். ரெண்டடித் தொட்டி தாராளம். கீழ ஒட்டன்சத்திரத்துல வளக்கணும்னாத்தான் தண்ணியக் குளுர வைக்க மிஷினு, அது இதுன்னு ரோதனை. நம்ம ஊருக் குளுருக்கு ஒண்ணும் வேண்டாம்."

குளிர் உண்மைதான். ஆனால் எந்தக் குளிரும் தொட்டிக்குள் இடத்தைக் கூட்டித் தராது. குட்டிகள் ஒரு சாணுக்கு மேல் வளரும், நெருக்கினால் பக்கத்தில் இருப்பதன் காலைக் கடிக்கும் என்று ஜெபதுரைக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் சொன்னார்.

ஐந்து மாதம் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து வந்த ஜெபதுரை சட்டையைக்கூட மாற்றவில்லை, டீச்சர் கையில் ஒரு வாளியோடு வாசலில் நின்றார். கடை பூட்டியிருந்ததால் வீட்டை விசாரித்து வந்தாராம்.

"மன்னிச்சிருங்க சார். நீங்க நம்பிக் குடுத்தீங்க. ஒண்ணு செத்துப்போச்சு. மத்த மூணும் கடிபட்டுக் கெடக்கு. தெனம் வெள்ளனே எந்திரிச்சுத் தண்ணி மாத்துனேன். எங்க தப்புப் பண்ணுனேன்னே தெரியல."

ஜெபதுரை வாளிக்குள் பார்த்தார். ஒன்றுக்கு முன்கால் இரண்டுமே இல்லை.

"காலு திரும்ப மொளச்சிரும் டீச்சர்," என்றார். அதுவும் உண்மைதான். ஆனாலும் சொல்லும்போது அவருக்கே உடம்பு கூசியது. இந்த அம்மாளை எப்படியாவது வாசலோடு அனுப்பிவிட்டால் போதும் என்றிருந்தது. உள்ளே ஹாலில் ஒரு தொட்டி இருந்தது.

அதற்குள் அவர் மனைவி அடைக்கலமேரி வந்துவிட்டார். "ஏன் வெளியவே நிக்கிறீங்க, உள்ள வாங்க டீச்சர். எங்க வீட்லயும் இது இருக்கு, பாருங்க."

நாலடித் தொட்டி. உள்ளே இரண்டே இரண்டு, ஆளுக்கொரு மூலையில் கால் குறையாமல் படுத்திருந்தன.

"இன்னும் ரெண்டு விடுங்கன்னு எத்தன தடவ சொல்லியிருப்பேன். கேக்கவே மாட்டாரு. ரெண்டுக்கு மேல விட்டா ஒண்ணையொண்ணு கடிச்சிரும்பாரு." புருஷனின் விவரத்தை எடுத்துச் சொல்வதில் அந்த அம்மாளுக்கு அத்தனை பெருமை.

டீச்சர் தொட்டியை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தார். பிறகு ஜெபதுரையைப் பார்த்தார். அவருக்குக் காது மடல் சுட்டது.

"தப்பு என்னுதுதான் டீச்சர்," என்றார் கடைசியில். "வாளிய இங்க வச்சிட்டுப் போங்க. நான் பாத்துக்கிடுறேன்."

"என் கை ராசியில்லாத கைன்னு ரெண்டு நாளா அழுதுக்கிட்டு இருந்தேன் சார்." குரலில் கோபமே இல்லை. வாளியைத் தூக்கிக்கொண்டார். "நானே வளத்துக்கிறேன். மூணுக்கும் எத்தன அடித் தொட்டி வேணும்? இதையாவது நெசமாச் சொல்லுங்க."

"அஞ்சடி. காலு மொளைக்கிற வரைக்கும் தனித்தனியா வையுங்க."

டீச்சர் அடைக்கலமேரி பக்கம் திரும்பினார்.

"சரிதானுங்களா அக்கா?" என்று கேட்டார்.