தண்ணி வந்துட்டு

1
ஒரு சஞ்சிகை ஆசிரியர் அயலவரின் ஒற்றுமை பற்றிக் கட்டுரை கேட்டார். கொஞ்சம் நம்பிக்கையாக எழுதச் சொன்னார். 2008இல், யுத்தம் நடக்கும்போது, கொழும்பு வெள்ளவத்தையில் இருந்துகொண்டு நம்பிக்கையாக எழுதுவதென்றால் பொய்தான் எழுதவேண்டும். ஆகவே இந்தக் கதை.

2
கடற்கரைப் பக்கம் ஒரு தொடர்மாடி. அங்கே எல்லோரும் அன்போடு [வெட்டிவிட்டேன்] பயத்தோடு ஒன்றாக இருந்தார்கள். ஆமி சுற்றிவளைக்க வந்தால், கீழ்வீட்டு பைறோஸா எல்லோருடைய போனுக்கும் எஸ்.எம்.எஸ். அனுப்புவாள்: "தண்ணி வந்துட்டு." கொழும்பில் தங்குவதற்குப் பொலிஸ் பதிவு இல்லாதவர்கள் பின்மதிலால் இறங்கித் தண்டவாளப் பக்கம் போய்விடுவார்கள். உண்மையிலேயே தண்ணீர் வந்தால் "பைப்" என்றுதான் எழுதவேண்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து கண் ஒப்பரேசனுக்கு வந்த நாகேந்திரத்துக்குப் பதிவு கிடைக்கவில்லை. இந்த ஏற்பாட்டை நம்பித்தான் இருந்தார்.

3
பைறோஸாவின் எதிர்வீட்டுக்கு மலையகத்து ஹட்டன்காரி இராமலெட்சுமி வந்தாள். (முதலில் இவளை உளவாளி ஆக்கினேன். கதை சுலபமாக முடிந்தது. வெட்கமாக இருந்தது.) எல்லோருடைய நம்பரையும் அவளுக்குக் கொடுத்தார்கள். இரகசியத்தைச் சொல்லவில்லை.

"அவங்களுக்கும் சொல்லி வைப்போமே," என்றாள் பைறோஸா.

"ஆர் எவர் எண்டு தெரியாது. கொஞ்ச நாள் போகட்டும்," என்றாள் நாகேந்திரத்தின் மனைவி அருந்ததி.

4
குழாய்கள் வறண்டு கிடந்த ஒரு மத்தியானம், அருந்ததி சந்தைக்குப் போயிருந்தாள். இராமலெட்சுமியின் குழாயில் தண்ணீர் கொட்டியது. எல்லோரும் சந்தோசப்படட்டும் என்று அனுப்பினாள்: "தண்ணி வந்துருச்சு."

பைறோஸா அப்படி எழுதமாட்டாள். ஆனால் உயிர்ப்பயத்தில் யார் நம்பரையும் எழுத்தையும் பார்ப்பார்? பைறோஸா பதறிப்போய் "பைப், பைப்" என்று அனுப்பியபோது, நாகேந்திரத்தின் போன் கட்டிலில் கிடந்தது. அவர் மதிலுக்கு அப்பால் போய்விட்டார். தண்டவாளத்தில் அன்று நேவி நின்றது. ஒப்பரேசன் செய்த ஒரு கண்ணில் கட்டோடு அவரை ஏற்றிக்கொண்டுபோன வாகனம்

(இந்த வசனத்தை முடிக்க முடியவில்லை.)

5
முடிவு அ: திரும்பி வருகிறார். எழுதிக் கிழித்தேன்.

முடிவு ஆ: இதற்கு ஒரு உடல் வேண்டும். அதுவும் கிடைக்கவில்லை.

நடந்தது இவ்வளவுதான். மற்றவர்கள் பயந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள். பைறோஸாவும்தான். பொலிஸ், ஆமி முகாம் என்று அருந்ததியோடு அலைந்து, அவளுக்காகச் சிங்களத்தில் கெஞ்சுபவள் இராமலெட்சுமி ஒருத்திதான். இன்று பஸ்ஸில் கேட்கிறாள்:

"அண்ணன் வீட்டுக்குள்ளயேதானே இருப்பாரு? அன்னைக்கு ஏங்க்கா வெளிய போனாரு?"

அருந்ததிக்கு நான் பதில் எழுதவில்லை. சொன்னால் இராமலெட்சுமி உடைந்துபோவாள். நாளைக்கு முகாமுக்கு அருந்ததி தனியே போகவேண்டும். சொல்லாவிட்டால் இவளை இன்னும் வெளியேதான் நிறுத்திவைத்திருக்கிறோம்.

பின்சீற்றில் நீங்கள் இருக்கிறீர்கள். உங்களுக்கு எல்லாம் தெரியும். அருந்ததி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ள, இராமலெட்சுமி உங்களைத் திரும்பிப் பார்க்கிறாள்.