இரண்டு கால் நிழல்

"கோட்டைக் கழட்டு மச்சான்" என்று சச்சிதானந்தன் சொன்னபோது நித்தியானந்தன் பகிடி என்றுதான் நினைத்தான். பிலிப் தீவுக் கடற்கரையில், ஜூன் மாதத்தில், மூக்கு இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டிய குளிரில் யார் அப்படிக் கேட்பார்கள்?

"விசரே உனக்கு?"

"ஒரு நிமிசம்தான். உன்ரை ரெண்டு காலும் தெரிய வேணும்."

எல்லாம் ஏப்ரலில் எடுத்த படத்தால் வந்த வினை. அன்றும் இருவரும் மெல்பேணிலிருந்து நித்தியின் பழைய காரில் பென்குயின் பார்க்கத்தான் வந்தார்கள். சச்சிதானந்தன் புதுக் கமெராவில் ஒரு முழுச் சுருளைச் செலவழித்தான். அந்தப் பறவைகள் கோழி அளவுதான் இருக்கும். பொழுது சாய்ந்து இருட்டத் தொடங்கும்போதுதான் கரையேறும். ஃபிளாஷ் போட்டால் காவலர் ஓடி வந்து திட்டுவார். கழுவி வந்த படங்களில் இருட்டும் நாலைந்து வெள்ளைப் புள்ளிகளும்தான் இருந்தன. உருப்படியானது ஒன்றே ஒன்று. வெயில் சாயும்போது அவனை மணலில் நிறுத்தி நித்தி எடுத்தது. எல்லாவற்றையும் யாழ்ப்பாணத்துக்கு, மனைவி சந்திரவதனாவுக்குச் சச்சிதானந்தன் அனுப்பினான். அவள் இங்கே வருவதற்குக் கையெழுத்துப் போட வேண்டிய கடதாசிகளையும் அதே உறைக்குள் வைத்தான்.

பதில் வந்தது. "பென்குயின் ஒண்டும் தெரியேல்லை. படம் எடுத்தவவின்ரை கவுண் நிழல்தான் வடிவாத் தெரியுது."

தன்னிடமிருந்த இன்னொரு பிரதியை எடுத்துப் பார்த்தபோது அவனுக்கே திக்கென்றது. பழைய உடுப்புக் கடையில் நித்தி வாங்கிய கோட் அவனுக்கு இரண்டு சுற்றுப் பெரிது, கணுக்கால் வரை தொங்கும். மணலில் நீண்டு சச்சிதானந்தனின் காலடிவரை வந்து கிடந்தது கவுண் போட்ட ஒரு பெண்ணின் நிழலேதான். யாழ்ப்பாணத்து வெயிலில் இருப்பவளுக்கு ஓவர்கோட்டைப் பற்றி என்ன தெரியும்? நாலு பக்கம் விளக்கி எழுதினான். அதற்கு வந்த நீலக் கடதாசியில் "சரி" என்ற ஒரு சொல்தான் இருந்தது. கையெழுத்துப் போட்ட கடதாசிகள் இன்றுவரை வரவில்லை. தபால்காரனின் சைக்கிள் தாண்டிப் போன பிறகும் ஒவ்வொரு காலையும் அவன் தபால் பெட்டியைத் திறந்து பார்த்தான்.

"நான் ஆம்பிளைதான் எண்டு உன்ரை மனிசிக்கு ஒரு கடிதம் போடட்டோ?" என்றான் நித்தி, பொத்தான்களைக் கழற்றிக்கொண்டே.

"நான் சொல்லித்தான் நீ எழுதினதெண்டு நினைப்பாள்."

வானம் மூடிக் கிடந்தது. வெயில் இல்லாமல் நிழல் ஏது? நித்தி கோட்டைக் கக்கத்தில் இடுக்கி, கமெராவைக் கையில் பிடித்துக்கொண்டு பல் கிடுகிடுக்க நின்றான். கயிற்றுக்கு அப்பால் போர்வையோடு உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரர்கள் கடலை விட்டுவிட்டு இவனைப் பார்த்தார்கள்.

முகிலுக்கும் கடலுக்கும் நடுவே சூரியன் ஒருதரம் எட்டிப் பார்த்தது.

"காலை அகட்டி வை! ஆடாதை!"

நித்தியின் நிழல் மணலில் விழுந்தது. ஒல்லியான இரண்டு கால்கள், நடுவே வெளிச்சம். யார் பார்த்தாலும் ஆண்பிள்ளைதான். சச்சிதானந்தன் சிரிக்க முயன்றான். கிளிக் என்றது.

"முடிஞ்சுதப்பா" என்று கமெராவை அவன் கையில் திணித்துவிட்டு நித்தி அவசர அவசரமாகக் கோட்டுக்குள் புகுந்தான். இரண்டு கால்களும் சேர்ந்து ஒன்றாகின. இடுப்புக்குக் கீழே அகன்று மண்ணைத் தொட்ட அந்த நிழலைச் சச்சிதானந்தன் பார்த்தான். கவுண் என்று எழுதியிருந்தாள். கவுண் இல்லை. சேலை. அவள் இங்கே வந்து, இதே இடத்தில் கமெராவைப் பிடித்துக்கொண்டு, சிரியுங்கோ என்று சொன்னால் இப்படித்தான் விழும். அவள் நிழல் கிடக்க வேண்டிய இடத்தில் இந்தக் கோட்டின் நிழல் கிடந்ததைப் பார்த்துத்தான் அவளே கோபித்துக்கொண்டிருக்கிறாள். குனிந்து தொடலாம் போலிருந்தது.

"பென்குயின் வருகுது! எடு, எடு! இன்னும் ஒரு படம் கிடக்கு!"

நுரைக்குள்ளிருந்து முதல் பறவை எழும்பி நின்று, இருட்டுகிற மணல்மேட்டைப் பார்த்து யாரையோ கூப்பிட்டது. கமெராவை உயர்த்தாமலே அவன் நின்றான். நிழல் மெல்ல மெல்ல மணலின் நிறமாகிக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் அசையாமல் நில் மச்சான்" என்றான்.