பூ கேட்ட காலை

“அத்தெ, ஆஸ்பத்திரில பாப்பா தீந்துபோச்சுன்னா வேற எங்கீங்க கெடைக்கும்?”

பொற்கொடியிடம் அவள் நாத்தனார் மகள் கனிஷ்கா ஆறு வயதில் கேட்டது இது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் கையை அப்படியே நிறுத்திவிட்டார்கள். ஒன்பது வருடம் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிகளுக்கு நடந்து ஓய்ந்திருந்த பொற்கொடிக்குத்தான் சிரிப்பு வந்தது. அந்த வாரமே அவளும் கணவன் திருமூர்த்தியும் தத்தெடுக்க இணையத்தில் பெயர் பதிந்தார்கள்.

மாமியார் சாமியாத்தாள் வேண்டாமென்று சொல்லவில்லை. “ஊசி போட்டு வராதது கம்ப்யூட்டர்ல வந்துருமாக்கும்,” என்றதோடு சரி. பொற்கொடிக்கே உள்ளுக்குள் ஒரு பயம் உண்டு. தான் பெறாத பிள்ளை அழுதால் தனக்கு வயிறு பதறுமா?

நாலு வருடம் கழித்துத் தத்து மையத்திலிருந்து அழைப்பு வந்தது. எட்டு மாதப் பெண் குழந்தை. நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். அவர்கள் அனுப்பிய படத்தில் அது ஒரு காலுறையைக் கழற்றி வாயில் வைத்திருந்தது. ‘ஐயோ, சளி பிடிக்குமே’ என்று நினைத்தாள் பொற்கொடி. பயம் அதோடு போயிற்று.

ஆனால் சாமியாத்தாள் பிடிவாதமாக இருந்தாள். “கொலதெய்வத்துகிட்ட பூ கேக்காம ஆகாது அம்மணி. அவ குடுத்தாக் கூட்டியாரலாம். இல்லீன்னா உட்டுப்போடோணும்.”

அம்மா சொல்லைத் தட்டி அறியாத திருமூர்த்தியும் தலையாட்டிவிட்டான்.

மறுநாள் காலை பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து கிளம்பித் தாராபுரம் பக்கத்தில் இருக்கும் கோயிலுக்குப் போனார்கள். வெள்ளரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். எந்த நிறம் வந்தால் சம்மதம் என்பதைக் கேட்கிறவர் மனசுக்குள் வைத்துக்கொள்வது வழக்கம். பக்கத்தில் நின்ற பொற்கொடிக்கு மாமியாரின் முணுமுணுப்புக் காதில் விழுந்தது. “வெள்ளெயக் குடு தாயி.”

பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தார். சிவப்பு.

பிரித்த பூவோடு சாமியாத்தாள் பக்கம் திரும்பினார்.

“ஏனுங்காத்தா, எதெ நெனச்சீங்க?”

சாமியாத்தாள் மருமகளின் முகத்தைப் பார்த்தாள். பிறகு வெகுநேரம் அம்மனைப் பார்த்தாள்.

“செகப்பத்தானுங்க.”

“அப்பறமென்னுங்க, உத்தரவாயிருச்சு.”

திருமூர்த்தி போனை எடுத்துக்கொண்டு சம்மதம் சொல்ல வெளியே ஓடினான். பொற்கொடிக்குப் பதிமூன்று வருடமாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கிய மாதிரி இருந்தது.

“என்னத்தெ நின்னு பாக்கறே கண்ணு? போற வழில பாப்பாவுக்கு ரண்டு சட்டெ எடுக்கோணும். வெரசா வா. நான் ஒரு டீ குடிச்சுட்டிருக்கறேன்,” என்று சாமியாத்தாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தபடி நடந்தாள்.

பூசாரியும் வீட்டுக்குப் போய்விட்டார். அறுபத்தெட்டு வயது வரை அந்தச் சந்நிதியில் ஒரு பொய் சொல்லாத மனுஷி சாமியாத்தாள். பொற்கொடி கைகூப்பினாள்.

“எனக்காகத்தான் சொன்னாங்க தாயி. குத்தமின்னா அது என்னோடது. அவிங்களெ ஒண்ணுஞ் செஞ்சுபோடாதே.”

வெயில் ஏறிக் கல் கொதித்தது. அந்தப் பொய்க்கு ஈடாக வெறுங்காலோடு கோயிலைப் பன்னிரண்டு முறை, ஒரு சுற்றும் குறையாமல், அவள் சுற்றி வந்தாள்.