கடைசியில் ஐந்து ஏழு

டாம்சினுக்கு வயிறு எரிந்தது என்று சொன்னால் குறைத்துச் சொன்னதாகும். ரோரியின் பெயரைக் கேட்டாலே அவள் கீபோர்டைத் தட்டுகிற சத்தம் மாறிவிடும். அடுத்த மேஜைக்காரியான எனக்கு அது நன்றாகத் தெரியும்.

ஆஸ்திரேலியாவில் ஃப்ரீமேன்டில் துறைமுகத்தை ஒட்டிய பழைய கம்பளிக் கிடங்கில்தான் எங்கள் அலுவலகம். நடுவில் தரகர் யாரும் இல்லாத கிரிப்டோ சந்தைகளில் எந்த நாணயம் எதோடு ஜோடி சேர்ந்து விற்கிறது, எந்த ஜோடியில் எவ்வளவு இருப்பு கிடக்கிறது என்று தேடிக் காட்டும் கருவியை முதலில் எழுதியவள் டாம்சின். நாணயத்தின் பெயரைத் தட்டினால் போதும், ஜோடிகள் வரிசையாக வந்து நிற்கும். நாங்கள் எல்லோரும் அதைத்தான் பயன்படுத்தினோம். பிறகு பெர்த்திலிருந்து ரோரி வேலைக்கு வந்தான். வந்த சூட்டோடு அதே வேலையைச் செய்யும் இன்னொன்றை எழுதிப் போட்டான். அது வேகமாக இருந்தது, பார்க்கவும் லட்சணமாக இருந்தது. ஒவ்வொருவராக அந்தப் பக்கம் சாய்ந்தோம்.

ஒருநாள் டாம்சின் என் திரையை எட்டிப் பார்த்தாள். "நீயுமா?"

"இது சீக்கிரமா வருது டாம்சின்."

"வரும் வரும். அரைவேக்காடு எல்லாமே சீக்கிரம்தான் வரும்."

இந்த நேரம் பார்த்து முதலாளி வெரிட்டி ஓர் அறிவிப்பு விட்டார். இரண்டு கருவிகளை வைத்துக்கொண்டு மாரடிக்க முடியாதாம். வெள்ளிக்கிழமை இருவரும் பெரிய திரையில் காட்ட வேண்டும். ஒன்று, எழுதியவர் பெயரோடு நிறுவனத்தின் இணையதளத்துக்குப் போகும். மற்றதை மூடிவிடுவார்கள். டாம்சின் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை எங்களுக்கு 'பை' தினம்; மாவுக்குள் இறைச்சியை வைத்துச் சுட்ட பண்டம் அது. எல்லோரும் அவரவர் வாலட்டிலிருந்து, அதாவது கிரிப்டோ கணக்கிலிருந்து, என் வாலட்டுக்குக் காசு அனுப்புவார்கள், நான் பேக்கரிக்குப் போய் வாங்கி வருவேன். அதனால் யாருடைய வாலட் எண் எப்படி முடியும் என்பது எனக்கு மனப்பாடம். டாம்சினுடையது அலுவலகத்துக்கே மனப்பாடம், ஏனென்றால் அதன் கடைசியில் ஐந்து ஏழுகள். காருக்கு ஃபேன்ஸி நம்பர் வாங்குகிறவர்கள் மாதிரி, கம்ப்யூட்டரை நாள்கணக்கில் ஓடவிட்டுத் தேடிப் பிடித்த எண் அது. புதிதாக யார் சேர்ந்தாலும் முதலில் அதைத்தான் காட்டுவாள்.

அவள் செய்த காரியத்தைப் பிறகு அவளே சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இந்தச் சந்தைகளில் யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரிலும் நாணயம் உண்டாக்கலாம். வெரிட்டி எப்போதும் முதலில் தேடிப் பார்ப்பது பாங்க்சியா என்ற நாணயத்தை. டாம்சின் அதே பெயரில் ஒரு போலியை உண்டாக்கினாள். அதற்கு ஜோடியாக இன்னொரு செல்லாக்காசையும் தானே உண்டாக்கி, இரண்டையும் ஒரே ஜோடியாகச் சந்தையில் மலையாகக் கொட்டிவைத்தாள். இருப்பு அதிகம் உள்ள ஜோடியை மேலே காட்டுவது ரோரியின் கருவியின் வழக்கம். தன் கருவி மட்டும் அந்தப் போலியை ஒதுக்கிவிடும்படி முன்கூட்டியே மாற்றிவைத்தாள்.

வெள்ளிக்கிழமை எல்லாம் அவள் நினைத்தபடியே நடந்தது. அவளுடைய கருவி நல்ல பாங்க்சியாவைக் காட்டியது. ரோரியின் கருவியில் போலி ஜம்மென்று உச்சியில் உட்கார்ந்திருந்தது.

வெரிட்டி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "என்னப்பா இது? இதை நம்பி யாராவது வாங்கியிருந்தா அவங்க கதி?"

ரோரியின் காது சிவந்தது. டாம்சின் குனிந்து தன் தட்டிலிருந்த இறைச்சி பையின் மேல் சாஸ் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் உதடு சிரிப்பை அடக்கியது எனக்குத் தெரிந்தது.

"ஒரு நிமிஷம், எவன் பண்ணான்னு பாப்போம்," என்றான் ரோரி. எங்கள் தொழிலில் யாருக்கும் முதலில் கை போகிற இடம் அதுதான். நாணயத்தை உண்டாக்கியது அன்றுவரை யாரும் பார்த்திராத புது வாலட். ஆனால் நாணயம் உண்டாக்கவே ஒரு கட்டணம் உண்டு, காலி வாலட்டால் அதைக் கட்ட முடியாது. யாராவது முதலில் கொஞ்சம் போட்டுவிட வேண்டும். யார் போட்டது என்று ரோரி தன் மடிக்கணினியில் தட்டினான். அவன் தோளுக்குப் பின்னால் நான் மட்டும்தான் நின்றிருந்தேன்.

அந்தச் சின்னத் திரையில் ஒரு நீள எண் வந்தது. கடைசியில் ஐந்து ஏழுகள்.

இந்தத் தொழிலில் சின்னக் குழந்தைக்கும் தெரியும், எங்கிருந்து எங்கே போனது என்பதை யாராலும் மறைக்க முடியாது என்று. அவளுக்கும் தெரியும். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு.

வெரிட்டி அப்போது தன் இறைச்சி பையை வெட்டிக்கொண்டிருந்தார். ரோரி திரையைப் பார்த்தான். பிறகு டாம்சினைப் பார்த்தான். அவள் கையில் சாஸ் புட்டி அப்படியே நின்றது. அவன் அந்தப் பக்கத்தை மூடினான்.

"யாரோ வழிப்போக்குத் திருடன் போல," என்றான். "அவன் யாரா இருந்தா என்ன. இப்படி ஒருத்தன் வருவான்னு நான் யோசிச்சிருக்கணும். டாம்சின் யோசிச்சிருக்கா. அவளோடதையே போடுங்க வெரிட்டி."

வெரிட்டி தலையாட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். தளத்தில் டாம்சின் பெயர் வரப்போகிறது. சொன்ன வாக்கியத்தை முடித்த கையோடு ரோரி அடுத்த இறைச்சி பையை எடுத்துக் கடித்தான். நடிப்பு மாதிரியே தெரியவில்லை.

எல்லோரும் கலைந்த பிறகு டாம்சின் என் நாற்காலி அருகே வந்து நின்றாள். நடந்ததை எல்லாம் தாழ்ந்த குரலில் கொட்டினாள். கடைசியில் கேட்டாள், "அவன் பாத்துட்டானா?"

"பாத்தான். நானும் பாத்தேன்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

எனக்குத் தெரியாது என்றேன். ஒருவேளை நல்லவனாக இருக்கலாம் என்றும் சொல்லிவைத்தேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

ஜன்னலுக்கு வெளியே ரோரி சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தான். எங்களைப் பார்த்துக் கையசைத்தான். டாம்சின் திருப்பி அசைக்கவில்லை. அவள் கண் கலங்கியிருந்தது. வெட்கமோ என்று நினைத்தேன்.

"இதுலயும் அவன்தான் முதல்ல வரணுமா?" என்றாள்.