நானூறு சிரிப்பு

லிப்ட் மெக்கானிக் ஈ எறும்புக்கும் தீங்கு நினைக்காதவர் என்று பெயரெடுத்தவர். லிப்டுக்குள் மாட்டிக்கொண்டு அழுகிறவர்களைக் கதவுக்கு வெளியே நின்றே பேசிப் பேசித் தேற்றிவிடுவார்.

அப்படிப்பட்டவர் ஒரு மதியம், மாற்றவேண்டிய கேபிள் வந்துசேரக் காத்திருந்தபோது செல்போனைத் துழாவினார். ஒரு வீடியோவில் தையல்காரப் பெண் ஒருத்தி சட்டைக் காலர் வெட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பேச்சு திக்கியது. ‘துணியைத் தைக்கிறதுக்கு முன்னாடி வாயைத் தைங்க’ என்று அவர் அதன் கீழே புனைபெயரில் எழுதிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்.

சாயங்காலம் பார்த்தால் நானூறு பேர் சிரித்திருந்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டு அதைவிடக் கேவலமாக இன்னும் பலர் எழுதியிருந்தார்கள். அவருக்கு உச்சி குளிர்ந்தது உண்மை.

பத்து நாள் கழித்து அவளிடமிருந்து தனிச்செய்தி வந்தது. வீடியோ போடுவதையே நிறுத்திவிட்டாளாம். திட்டவில்லை. தான் அவருக்கு என்ன செய்தோம் என்று மட்டும் கேட்டிருந்தாள்.

மெக்கானிக்குக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மனைவியிடம் போனை நீட்டினார். அவள் படித்துவிட்டுக் கேட்டாள்.

“அன்னைக்கு யார்கிட்டயாவது திட்டு வாங்கினீங்களா?”

“இல்லையே. நல்லாத்தான் இருந்தேன்.”

“அந்தப் பொண்ணு எதிர்ல நின்னா சொல்லியிருப்பீங்களா?”

“செத்தாலும் சொல்லமாட்டேன்.”

“அப்புறம் எப்படிங்க?”

அதுதான் அவருக்கும் விளங்கவில்லை. முகம் தெரியாது என்ற தைரியமா, நாலு பேர் சிரிக்கவேண்டும் என்ற அரிப்பா? எதைச் சொன்னாலும் அரைகுறையாகவே பட்டது. எழுதியதை அழித்தார். தப்பு முழுக்கத் தன்னுடையது, ஏன் செய்தேன் என்று தனக்கே தெரியவில்லை என்று, அதே வீடியோவின் கீழே சொந்தப் பெயரில், எல்லாரும் பார்க்க எழுதினார். சிலர் தாங்கள் எழுதியதையும் சத்தமில்லாமல் நீக்கினார்கள். வேறு சிலர் நடிக்கிறான் என்று அவர்மேலேயே பாய்ந்தார்கள். அவள் ஒரு வரி அனுப்பினாள்: “அழிச்சதுக்கு நன்றி. ஆனா எனக்கு இன்னும் புரியல.”

ஒரு மாதத்துக்குப் பிறகு, பாவாடைக்கு மடிப்பு வைப்பது எப்படி என்று அவள் மறுபடி வீடியோ போட்டாள். திக்கித் திக்கித்தான் பேசினாள். ஒருவன் கிண்டலாக எழுதியதும் மெக்கானிக் அவனுக்குத் தனியாக எழுதினார்: “தம்பி, நானும் ஒரே ஒரு வரிதான் எழுதினேன். அவங்க ஒரு மாசம் வாயே திறக்கல. எடுத்துடுங்க.”

கால் மணி நேரத்தில் அது காணாமல் போயிருந்தது. அவன் வெட்கப்பட்டு எடுத்தானா, யாரும் சிரிக்கவில்லையே என்று எடுத்தானா, மெக்கானிக்குக்குத் தெரியவில்லை. மனைவியிடம் கேட்டார். அவளும் உதட்டைப் பிதுக்கினாள்.