தயிர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில்

அண்ணன் ஸ்ரீநிவாசன் சோபா மெத்தைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேன் சாவி எங்கயும் காணமே, புஷ்பா. டிரைவ்வேய பிளாக் பண்ணிட்டு நிக்குது. ஆளுங்க வர ஆரம்பிச்சிடுவாங்க."

ஆஸ்பத்திரியிலிருந்து இப்போதுதான் வந்திருந்தார்கள். மத்தியானம் புஷ்பவல்லி சான் ரமோனில் அண்ணன் வீட்டில் இருந்தபோது ஃபோன் வந்தது. அவள் கணவர் திருமூர்த்தி வீட்டு வாசல் புல்தரையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருந்தார். அவர்கள் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

ஜெனீவா அங்கே முன்பே வந்திருந்தாள். அவருடைய செல்ஃபோனில் கடைசி எண் அவளுடையது என்பதால் முதலில் அவளைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். அது புஷ்பவல்லிக்கு இன்னும் உறுத்திக்கொண்டிருந்தது. இப்போது ஜெனீவா இங்கேயும் வந்து சாப்பாட்டு மேசை ஓரமாக நின்றாள்.

ஜெனீவா ஓக்லண்டில் படம் எடுப்பவள். போலீஸ் குண்டுக்குப் பிள்ளைகளைப் பறிகொடுத்த கறுப்பினத் தாய்மார்களைப் பற்றிய ஆவணப்படம். விளக்கம் சொல்லும் குரல் கிடையாது, இசை கிடையாது. அந்தப் பெண்கள் பேசி முடிக்கும்வரை கேமரா ஓடும். முடிந்ததும் யாரும் அசையாமல் இருக்க, அந்த அறையின் அமைதியை ஒரு நிமிடம் ஒலிப்பதிவு செய்வார்கள். அதைச் செய்தவர் திருமூர்த்தி. வாரத்தில் ஐந்து நாள் சன்னிவேலில் சிப் டிசைன், மூன்று வருடமாகச் சனிக்கிழமைகளில் இது. சர்ச் அடித்தளத்தில் ஒருமுறை படத்தைப் போட்டுக் காட்டினார்கள். கடைசியில் வந்த பெயர்களில் ஆண் பெயர் அவருடையது மட்டும். மேடையில் ஜெனீவா அவரை "மூர்த்தி" என்றாள். புஷ்பவல்லி அவரை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

இன்று காலை அவர் ஹெட்ஃபோனைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவள் சொன்னாள்: "ஊரார் வீட்டு அமைதியெல்லாம் ரெகார்ட் பண்றீங்க. இந்த வீட்ல ஒருத்தி பேசாம உக்காந்திருக்கறது என்னைக்காவது உங்களுக்குக் கேட்டிருக்கா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். அதற்குள் அண்ணனின் கார் ஹாரன் அடித்தது.

என்ன தேடுகிறீர்கள் என்று ஜெனீவா ஆங்கிலத்தில் கேட்டாள். ஸ்ரீநிவாசன் சொன்னதும் நேராகச் சமையலறைக்குப் போய் ஃபிரிட்ஜைத் திறந்தாள். உள்ளே விளக்கு எரியவில்லை. தயிர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வேன் சாவி இருந்தது.

ஃபிரிட்ஜின் இரைச்சல் மைக்கில் விழும், அதனால் மூர்த்தி பிளக்கைப் பிடுங்கிவிடுவார் என்றாள். திரும்பச் செருக மறந்துவிடக் கூடாதென்று வேன் சாவியை உள்ளே வைப்பார். அது இல்லாமல் கிளம்ப முடியாதல்லவா? போன வீட்டிலெல்லாம் இப்படித்தான்.

"இவளுக்கு எல்லாம் தெரியுது" என்று அண்ணி தமிழில் முணுமுணுத்தாள். "எங்க வீட்டுக்காரர் சாவிய எங்க வைப்பாருன்னும் கேட்டுக்கறேன்."

யாரும் சிரிக்கவில்லை. ஸ்ரீநிவாசன் சாவியை வாங்கிக்கொண்டு வெளியே போனார்.

"இங்க எதுக்கு ரெகார்டிங்? உங்க படத்துக்கா?" புஷ்பவல்லி ஆங்கிலத்தில் கேட்டாள். குரல் அவள் நினைத்ததைவிடக் கடுமையாக வந்தது.

நான் செய்யச் சொல்லவில்லை, சிஸ்டர் என்றாள் ஜெனீவா. இன்றைக்கு வரவில்லை, வீட்டில் ஒரு வேலை இருக்கிறது என்று காலையில் ஃபோன் பண்ணினார். அவ்வளவுதான்.

அப்போதுதான் புஷ்பவல்லி மேசையைச் சரியாகப் பார்த்தாள். செய்தித்தாளுக்குப் பின்னால் ரெக்கார்டர் இருந்தது. மைக், அவள் வழக்கமாக உட்காரும் நாற்காலியின் பக்கம் திரும்பியிருந்தது. சிவப்பு விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

ஜெனீவாவும் அதைப் பார்த்தாள். நிறுத்துவதற்காகக் கையை நீட்டினாள்.

"தொடாதீங்க."

தமிழில்தான் வந்தது. ஜெனீவா கையை எடுத்துக்கொண்டாள். பிறகு ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அசையாமல் இருந்தாள். அண்ணி ஏதோ கேட்க வந்து நிறுத்திக்கொண்டாள். புஷ்பவல்லி தன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

வெளியே வேன் கிளம்பி, தெருவோரம் போய் நின்றது.

திரும்பி வந்த ஸ்ரீநிவாசன் வாசலிலேயே நின்றுவிட்டார். பிறகு மெல்ல வந்து சாவியை நீட்டினார். குனிந்து ஃபிரிட்ஜின் பிளக்கை எடுக்கப் போனவரை அவள் கையை உயர்த்தித் தடுத்தாள்.

சாவி குலுங்காதபடி உள்ளங்கையில் மூடிக்கொண்டு எழுந்தாள். இருட்டாக இருந்த ஃபிரிட்ஜைத் திறந்து, அதைத் தயிர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். சத்தம் வராமல் கதவைச் சாத்தினாள்.